கோபாலன் செய்த பண்டமாற்று

2025-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு நாள் காலை, ஒரகடம் நாற்சந்திக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். இரவு ஷிப்டு முடிந்து வந்த இரண்டு இளைஞர்கள், கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, கையில் டீக் கிளாஸுடன் காரசாரமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

"ஜடேஜாவை வித்துட்டாங்கடா மச்சான்!" என்றான் ஒருவன். குலதெய்வக் கோயில் நகை களவு போய்விட்டதென்று சொல்கிறவன் குரல் அது.

"விக்கலைடா, மாத்திக்கிட்டாங்க. சாம்சன் வர்றான் இல்ல?" என்றான் மற்றவன்.

விஷயம் இதுதான். இடையில் இரண்டு வருஷம் நீங்கலாக, 2012 முதல் சென்னைக் கட்சியில் ஆடியவர் ரவீந்திர ஜடேஜா. 2023 இறுதிப் பந்தயத்தின் கடைசி இரண்டு பந்துகளில் ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்துக் கோப்பையை வாங்கித் தந்தவர். அவரையும் சாம் கரன் என்ற இங்கிலாந்துக்காரரையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு, சஞ்சு சாம்சனைச் சென்னை வாங்கிக்கொண்டது. இந்த மாற்றத்தில் ஜடேஜாவின் விலை 18 கோடியிலிருந்து 14 கோடியாக இறங்கிற்று.

"நீங்க சொல்லுங்க சார், இது நியாயமா?" என்று என்னைப் பஞ்சாயத்துக்கு இழுத்தான் முதல் பையன். நியாயம் சொல்ல எனக்குத் தெரியாது. கதை சொல்லத் தெரியும். ஆகையால் மொரப்பாக்கம் ஜோசியம் கோபாலனின் கதையைச் சொன்னேன். வாசகர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூரும் மொரப்பாக்கமும் அந்தக் காலத்தில் ஒரே செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தவை. மொரப்பாக்கத்துப் பிள்ளை கோபாலன் வேகமாகப் பந்து போடுவதை ஸி. பி. ஜான்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர் கண்டுகொண்டார். அவர் பர்மா ஷெல் கம்பெனிக்காரர். அந்தக் கம்பெனியிலேயே கோபாலனுக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுத்து, திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப்பிலும் சேர்த்துவிட்டார். ஆட்டக்காரனுக்கு அக்காலத்தில் கிடைத்த விலை கோடியல்ல. மாதம் பிறந்தால் சம்பளம் தரும் ஓர் உத்தியோகந்தான். வீட்டில் அடுப்பெரிய அதுவே போதுமானதாக இருந்தது.

1934 நவம்பர் 4-ஆம் தேதி சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் பந்தயம். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் அதுவே. முதல் பந்தைப் போட்டவர் நம் கோபாலன். ஆனால் அன்றைய வீரர் அவரல்ல. ஏ. ஜி. ராம்சிங் என்ற இடக்கைச் சுழல் பந்து வீச்சாளர் இரண்டு இன்னிங்ஸிலுமாக 35 ஓட்டங்கள் கொடுத்து 11 விக்கெட்டுகளைச் சாய்த்தார். மைசூர் முதலில் 48, சென்னை 130, மறுபடி மைசூர் 59. பொழுது சாய்வதற்குள் பந்தயமே முடிந்துவிட்டது! மறுநாளைக்கென்று லீவு எழுதிக் கொடுத்திருந்த குமாஸ்தாக்களின் பாடு திண்டாட்டமாகியிருக்கும்.

இவ்வளவு சாதித்த ராம்சிங்குக்கு இந்தியாவின் சார்பில் ஒரு டெஸ்ட் பந்தயம்கூட ஆடக் கிடைக்கவில்லை. பிற்பாடு அவருடைய புதல்வர்கள் கிருபால்சிங்கும் மில்காசிங்கும் டெஸ்ட் ஆடினார்கள். பந்து வீச்சுக்குக் கூலி சில சமயம் அடுத்த தலைமுறைக்குத்தான் போய்ச் சேருகிறது.

கோபாலனிடம் இன்னொரு வித்தையும் இருந்தது. ஹாக்கியிலும் அவர் சூரர். 1935-ல் தியான் சந்துடன் நியூஸிலாந்து போய் வந்த இந்தியக் கோஷ்டியில் அவரும் ஒருவர். 1936 பிறந்தது. ஒரு பக்கம் பெர்லினில் ஒலிம்பிக் ஹாக்கி. மறு பக்கம் இங்கிலாந்தில் கிரிக்கெட் சுற்றுப்பயணம். இரண்டும் ஒரே கோடையில். இரண்டு படகில் கால் வைக்க முடியாது அல்லவா? கோபாலன் கிரிக்கெட் படகில் ஏறினார்.

அந்த வருஷம் ஆகஸ்டு 15-ஆம் தேதியைச் சற்று நினைத்துப் பாருங்கள். அன்று பெர்லினில் இந்திய ஹாக்கி வீரர்கள் ஜெர்மனியை எட்டுக்கு ஒன்று என்று தோற்கடித்துத் தங்கப் பதக்கம் பெற்றார்கள். அதே நாளில் லண்டன் ஓவல் மைதானத்தில் மூன்றாவது டெஸ்ட் தொடங்கியது. அதில் இந்தியா தோற்றது. கோபாலனோ அந்தப் பதினொருவரிலும் இல்லை. மூன்று டெஸ்டுகளில் ஒன்றில்கூட அவரை இறக்கவில்லை. 1934 ஜனவரியில் கல்கத்தாவில் ஆடியதே அவருடைய ஒரே டெஸ்டாக நின்றுவிட்டது. பெயரிலேயே ஜோசியத்தை வைத்திருந்தவருக்கு இதை முன்கூட்டிச் சொல்ல ஒரு ஜோசியனும் அகப்படவில்லை!

"ஐயோ பாவம், ஏமாந்துட்டாரே!" என்றான் பையன்.

நான் அப்படி நினைக்கவில்லை. நஷ்டம் உண்மைதான். ஆனால் அந்தப் பண்டமாற்றைச் செய்தவர் அவரே. கொடுத்ததும் அவர், வாங்கியதும் அவர். 2003-ல் காலமாகும் வரையில் அது அவருடைய சொந்தக் கணக்காகவே இருந்தது. சென்னையும் இலங்கையும் வருஷந்தோறும் ஆடிய பந்தயத்துக்குக் கோபாலன் கோப்பை என்றே பெயர் வைத்து ஊர் அவரைக் கௌரவித்தது.

அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டக்காரர்களுக்கு நெடுங்காலம் அந்தச் சுதந்திரமே இருந்ததில்லை. பருவத்தின் நடுவிலேயே முதலாளி ஆளை மாற்றிவிடுவார்; ஆட்டக்காரன் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். 1969-ல் கர்ட் ஃப்ளட் என்பவரை, பன்னிரண்டு பருவங்கள் ஆடிய செயின்ட் லூயிஸிலிருந்து பிலடெல்பியாவுக்கு மாற்றினார்கள். 'நான் வாங்கி விற்கும் சரக்கல்ல' என்று அவர் மறுத்துக் கோர்ட்டுக்குப் போனார். 1972-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அதற்கு முன்பே அவருடைய ஆட்ட வாழ்வும் போயிருந்தது. 1975-ல் மெஸ்ஸர்ஸ்மித், மக்நாலி என்ற இரண்டு பந்து வீச்சாளர்கள் மத்தியஸ்தரிடம் வழக்காடி அந்தப் பூட்டை உடைத்தார்கள். இன்று நம் ஐ.பி.எல்.லிலும் ஆட்டக்காரர் சம்மதமின்றி மாற்றம் செல்லாது. ஆகவே ஜடேஜா போனது அவருடைய கையெழுத்தோடுதான்.

"அப்ப நியாயம்தான்னு சொல்றீங்களா சார்?"

"விலையைப் பற்றி எனக்குத் தெரியாது, தம்பி. கேட்டுவிட்டுச் செய்தார்களா என்பதுதான் நியாயம்" என்றேன், பெரிய மனுஷத் தோரணையில்.

அதுவரை சும்மா இருந்த இரண்டாவது பையன் கிளாஸைக் கீழே வைத்தான். "என்னை ரெண்டு வருஷத்துல மூணு கம்பெனி மாத்திட்டாங்க சார். காண்டிராக்ட்காரர் போன் பண்ணுவாரு, நாளையிலேர்ந்து அந்த கேட்டுக்குப் போன்னு. அவ்வளவுதான்" என்றான்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர்களுடைய பஸ் வந்துவிட்டது. "வரேன் சார்" என்று சிரித்துக்கொண்டே ஓடி ஏறினான். மூன்று டீக்கும் காசு கொடுத்துவிட்டு நான் என் பஸ்ஸுக்காக நின்றேன்.