காற்றாலைகளை மின்கட்டமைப்புடன் இணைத்தல்

காற்றாலைகளில் உற்பத்தியாகும் மின்சாரத்தை, மின்னழுத்தம் உயர்த்தித் துணைமின் நிலையங்கள் வழியாகப் பொது மின்தடத்தில் சேர்க்கும் பணி. தமிழ்நாட்டில் இது 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் அமைந்த செயல்விளக்கக் காற்றாலைப் பண்ணையுடன் தொடங்கியது. 1990-களில் ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தலிலும் கயத்தாறிலும் உடுமலைப்பேட்டை வட்டாரத்திலும் காற்றாலைகள் பெருகின. மாநிலத்தின் காற்றாலை நிறுவுதிறன் இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அந்தத் திறனில் எவ்வளவு வீடுகளுக்கும் ஆலைகளுக்கும் போய்ச் சேரும் என்பதை மின்தடங்களின் வலுவே பெரும்பாலும் தீர்மானித்து வந்திருக்கிறது.

இணைப்பின் அமைப்பு

பழைய சிறு காற்றாலைகள் 400 வோல்ட்டிலும், பிந்தைய பெரிய காற்றாலைகள் பெரும்பாலும் 690 வோல்ட்டிலும் மின்சாரம் தருகின்றன. கோபுரத்தின் அடியிலோ பக்கத்திலோ உள்ள மின்மாற்றி அதை 11, 22 அல்லது 33 கிலோவோல்ட்டாக உயர்த்துகிறது. பல காற்றாலைகளிலிருந்து மின்சாரம் கொண்டுவரும் கம்பித்தடங்களான பீடர்கள் ஒரு துணைமின் நிலையத்தில் கூடுகின்றன. அங்கே அழுத்தம் 110 அல்லது 230 கிலோவோல்ட்டாக உயர்ந்து மாநிலத் தடத்தில் கலக்கிறது. இணைப்புக்கு அனுமதி தருமுன், அந்தத் தடம் கூடுதல் மின்சாரத்தைத் தாங்குமா என்று மின்பளு ஆய்வு செய்யப்படும். பிறகு பிரேக்கர், பாதுகாப்பு ரிலே, மீட்டர் ஆகியவை பொருத்தப்பட்டு, மின் ஆய்வுத் துறையின் பாதுகாப்புச் சான்றும் பெறவேண்டும்.

வலுவற்ற தடத்தின் சிக்கல்

கிராமத்து மின்தடங்கள் பம்ப்செட்டுகளுக்கும் வீட்டு விளக்குகளுக்கும் மின்சாரம் கொண்டுவரப் போடப்பட்டவை. துணைமின் நிலையத்திலிருந்து விலகிப் போகப் போகக் கம்பி மெலியும், அழுத்தமும் தளரும். அப்படிப்பட்ட தடத்தின் கடைக்கோடியில் காற்றாலையை இணைத்தால் மின்சாரம் எதிர்த்திசையில் பாயத் தொடங்குகிறது. காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப மாறும். வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்கு. எந்திரத்தின் உச்சத்திறனை எட்டும் வரை உற்பத்தி இப்படித்தான் ஏறி இறங்கும். ஒவ்வொரு வீச்சுக்கும் தடத்தின் அழுத்தமும் கூடவே ஆடும்.

முதல் தலைமுறை எந்திரங்களில் பெரும்பாலானவை தூண்டல் மின்னாக்கிகள். தம் காந்தப் புலத்தை உண்டாக்கிக்கொள்ள இவை தடத்திலிருந்தே எதிர்வினைத் திறனை இழுக்கும். நூற்றுக்கணக்கான எந்திரங்கள் ஒரே வட்டாரத்தில் அப்படி இழுத்தால் அழுத்தம் விழுகிறது. விழுந்ததும் காற்றாலைகள் தாமாகவே விலகிக்கொள்கின்றன. தடம் அறுந்தால் இவை தனித்து இயங்கவும் முடியாது. காற்று நன்றாக வீசும் நேரத்தில் பீடர் ட்ரிப் ஆனால், அத்தனை இறக்கைகளும் பயனின்றி நிற்கும். ஒவ்வொரு காற்றாலையிலும் கப்பாசிட்டர் வைத்ததும், தடத்திலிருந்து இழுக்கும் எதிர்வினைத் திறனுக்குக் கட்டணம் விதித்ததும், காற்றாலைகளுக்கென்றே துணைமின் நிலையங்கள் கட்டியதும் இதற்குக் கண்ட தீர்வுகள்.

மின்னணு மாற்றிகள் கொண்ட புதிய காற்றாலைகள் எதிர்வினைத் திறனைத் தேவைக்கேற்பத் தரவும் பெறவும் வல்லவை. மத்திய மின்சார ஆணையம் 2007-இல் வெளியிட்ட இணைப்புத் தரவிதிகளில் 2013-இல் செய்த திருத்தம், காற்றாலைகளுக்கென்று தனி நிபந்தனைகளைச் சேர்த்தது. திறன்காரணி 0.95-க்குக் குறையாமல் இருக்கவேண்டும். 66 கிலோவோல்ட்டுக்குக் குறையாத தடத்தில் இணைந்தவை, பழுதால் அழுத்தம் 15 சதவீதமாகச் சரிந்தாலும் குறித்த நொடிப்பொழுது விலகாமல் தாங்கவேண்டும். இந்த விதி மிகவும் தேவையானது. ஒரு சிறு பழுதுக்கு ஒரு மாவட்டத்தின் காற்றாலைகள் மொத்தமும் விலகினால், பழுதைவிட அந்த இழப்பே கட்டமைப்பைச் சாய்த்துவிடும்.

பருவக் காற்றும் தொலைதூரத் தேவையும்

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில்தான் ஆண்டு உற்பத்தியின் பெரும்பகுதி கிடைக்கிறது. காற்று வலுவாக வீசுவது பெரும்பாலும் தெற்கே. மின்சாரத்தைப் பெருமளவில் செலவிடும் கோவை, திருப்பூர், சென்னை எல்லாம் வடக்கே. கொங்கு நாட்டு நூற்பாலைகள் பல தென்மாவட்டங்களில் சொந்தக் காற்றாலைகள் வைத்திருப்பதும், பருவத்தில் மிஞ்சியதை மின்வாரியத்தின் கணக்கில் வரவு வைத்துப் பிறகு எடுத்துக்கொள்ளும் 'பேங்கிங்' முறை வளர்ந்ததும் இதனால்தான்.

தடத்தில் இடமில்லாதபோது உற்பத்தியைக் குறைக்கச் சொல்லும் 'பேக்டவுன்' உத்தரவு, காற்றாலை உரிமையாளர்களின் நீண்டகால மனக்குறை. இதைத் தணிக்கும் பெரிய மாற்றங்கள் 2013-இன் இறுதியிலிருந்தே வந்தன. அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் வழியாகத் தென்மண்டலம் நாட்டின் மற்ற மண்டலங்களுடன் ஒத்திசைந்தது. பசுமை மின்வழித்தடத் திட்டத்தில் தப்பகுண்டு, ஆனைக்கடவு, ராசிப்பாளையம் ஆகிய இடங்களில் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையங்கள் எழுந்தன. 6,000 மெகாவாட் திறனுள்ள ராய்கர்–புகளூர் நேர்மின் தடம், காற்றுப் பருவத்தில் தெற்கின் உபரியை வடக்கே அனுப்பவும் வழிசெய்கிறது.

இப்போதைய பணி

1990-களின் 225, 250 கிலோவாட் எந்திரங்கள் இன்றும் நல்ல காற்றுள்ள இடங்களைப் பிடித்து நிற்கின்றன. அவற்றை அகற்றிப் பெரிய காற்றாலைகளை நிறுவ, தமிழ்நாடு அரசு 2024-இல் தனிக் கொள்கை வெளியிட்டது. ஆனால் 2 அல்லது 3 மெகாவாட் எந்திரத்தைப் பழைய 11 கிலோவோல்ட் பீடரில் மாட்டிவிட முடியாது. நிலமும் எந்திரமும் கையிலிருந்தால் ஒரு காற்றாலையைச் சில மாதங்களில் நிறுத்திவிடலாம். உயரழுத்தத் தடத்துக்கு வழியுரிமை பெற்றுக் கம்பி இழுத்து முடிக்கவோ பல ஆண்டுகள் பிடிக்கும். அதனால் பழைய எந்திரங்களை இறக்குவதற்கு முன்பே பீடர்களையும் துணைமின் நிலையங்களையும் வலுப்படுத்தும் வேலை தொடங்கியாக வேண்டும்.