யூனிஃபார்முக்குப் பிறகு: ஜெனரல்கள் ஆயுத கம்பெனிக்குப் போகும்போது

சென்னையிலிருந்து சேலத்துக்கு பஸ்ல போயிருக்கீங்களா? உளுந்தூர்பேட்டை தாண்டினதும் எலவனாசூர்கோட்டைன்னு ஒரு ஊர் வரும். பேர்லயே கோட்டை இருக்கு. அடுத்து தியாகதுருகம், அப்புறம் கள்ளக்குறிச்சி. 18ஆம் நூற்றாண்டில் இந்த வட்டாரக் கோட்டைகளுக்காக ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ஹைதர் அலி எல்லாரும் மோதினார்கள்.

இன்னைக்கு அதே ரோட்டின் இரண்டு முனைகளான சென்னையும் சேலமும் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் மையங்கள். ஓசூர், கோவை, திருச்சியும் அதில் உண்டு. 2018 மத்திய பட்ஜெட்டில் அறிவித்து, 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கி வைத்தார்கள்.

ஃபேக்டரி வந்தா ஆர்டர் வேணும். ஆர்டர் குடுக்கிறது ராணுவம். அப்போ ராணுவம் எதை, எப்போ, எந்த அளவுகோலில் வாங்கும்னு தெரிஞ்ச ஆள் கம்பெனிக்கு வேணும். அந்த ஆள் பெரும்பாலும் நேத்து வரைக்கும் யூனிஃபார்ம்ல இருந்த ஒரு சீனியர் அதிகாரி. இன்னைக்கு அவரைப் பத்திதான் பேசப் போறோம்.

வாங்குபவரும் விற்பவரும் ஒரே ஆள்

இது புதுசு இல்லை. ராபர்ட் கிளைவை ஆற்காடு வீரரா படிச்சிருப்போம். 1749இல் அவர் சென்னையில் கம்பெனிப் படைக்கு உணவுப் பொருள் சப்ளை பண்ணும் அதிகாரி. சப்ளை மேல் அவருக்குக் கமிஷன். ஆற்காடு முற்றுகை நடந்தது 1751இல். 1753இல் இங்கிலாந்து திரும்பும்போது அவர் நல்ல வசதியான ஆள். அதுக்கு அடித்தளம் போட்டது போரை விட அந்த சப்ளைதான்.

இன்னொருத்தர் பால் பென்ஃபீல்டு. 1769இல் ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னை வாசல் வரை வந்தது. அந்தக் காலகட்டத்தில் கருப்பர் நகரத்தைச் சுற்றி ஒரு பாதுகாப்புச் சுவர் எழும்பியது. அதைக் கட்டும் கான்ட்ராக்ட், கம்பெனி வேலைக்குப் பொறியாளரா வந்த பென்ஃபீல்டுக்கு. சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்து வால்டாக்ஸ் ரோடு பேர் அந்தச் சுவருக்காகப் போட நினைச்ச வரியிலிருந்து வந்தது. ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்தும் கொழுத்த இவரை 1785இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் பேர் சொல்லியே தாக்கினார்.

அந்தக் காலத்தில் ஓய்வு பெறும் வரை காத்திருக்கக்கூட வேண்டியதில்லை. சம்பளமும் கான்ட்ராக்டும் ஒரே கைக்கு வந்தது.

போஃபர்ஸிலிருந்து டெஹல்கா வரை

சுதந்திர இந்தியா ஆயுத உற்பத்தியை அரசுக்கே ஒதுக்கியது. ஆவடியில் டாங்கி, திருச்சியில் துப்பாக்கி, அருவங்காட்டில் வெடிமருந்து. 2001 மே மாதம்தான் தனியாருக்குக் கதவு திறந்தது. அதுவரை ஓய்வு பெற்ற அதிகாரிக்கு இந்தத் தொழிலில் இரண்டு வழி: அரசு நிறுவனப் பதவி, இல்லைன்னா வெளிநாட்டு கம்பெனிக்கு டெல்லியில் ஏஜென்ட் வேலை.

ஏஜென்ட்ங்கிற வார்த்தை கெட்ட வார்த்தை ஆனது போஃபர்ஸால். 1986 மார்ச்சில் 410 பீரங்கிகளுக்கு ஒப்பந்தம். 1987 ஏப்ரலில் ஸ்வீடன் ரேடியோ கமிஷன் விவகாரத்தை உடைத்தது. இடைத்தரகரே கூடாதுன்னு அரசு சொன்னது. ஆனா தரகு நிக்கலை, மறைவா போச்சு.

2001 மார்ச் 13 அன்று டெஹல்கா வீடியோக்கள் வந்தன. இல்லாத ஒரு கம்பெனி பேரில், வெப்பப் படக் கருவி விற்க வந்ததா நிருபர்கள் நடித்தார்கள். ஓய்வு பெற்ற ஒரு மேஜர் ஜெனரலும் அந்த வலையில் சிக்கினார். 2020இல் டெல்லி நீதிமன்றம் அவருக்கும் சமதா கட்சியின் முன்னாள் தலைவர் ஜெயா ஜேட்லி உள்ளிட்ட இரண்டு பேருக்கும் 4 ஆண்டு சிறை விதித்தது. ஜேட்லியின் தண்டனையை உயர் நீதிமன்றம் அன்றே நிறுத்தி வைத்தது. அந்த ஜெனரல் வாங்கியதாக நீதிமன்றம் சொன்ன தொகை 20,000 ரூபாய். அந்தக் காசை விட அவர் கையில் இருந்த அறிமுகம்தான் பெருசு: யாரைப் பார்க்கணும், எந்தக் கதவைத் தட்டணும்.

2012 மார்ச்சில் இன்னும் பெரிய குண்டு. அப்போதைய ராணுவத் தளபதி வி.கே. சிங், 600 டாட்ரா லாரிகளுக்கு ஒப்புதல் தந்தா 14 கோடி ரூபாய் தர்றதா தன்னிடமே பேசினாங்கன்னு சொன்னார். பேசினது யார்? ஓய்வு பெற்ற ஒரு அதிகாரின்னார். குற்றம் சாட்டப்பட்டவர் அதை மறுத்தார். விஷயத்தைத் தளபதி சொன்னப்போ தலையில் கைவைத்து உட்கார்ந்துட்டேன்னு பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி மாநிலங்களவையில் சொன்னார்.

ஒரு வருஷம் போதுமா?

நம்ம விதி என்ன? உயர் பதவியில் இருந்தவர் ஓய்வு பெற்ற ஓராண்டுக்குள் தனியார் வேலைக்குப் போனா அரசு அனுமதி வாங்கணும். அதுக்கப்புறம் அந்த அனுமதியும் தேவையில்லை.

இப்போ ஒரு பீரங்கி வாங்குற காலத்தைப் பாருங்க. போஃபர்ஸுக்குப் பிறகு அடுத்த புது 155 மி.மீ. பீரங்கிக்கு இந்தியா கையெழுத்திட்டது 2016 நவம்பரில், அமெரிக்காவின் எம்777க்கு. இடையில் 30 வருஷம்! எத்தனை கிலோமீட்டர் சுடணும், எத்தனை டன் எடை, மலையில் ஏறணுமான்னு முதல்ல ராணுவம் ஒரு தேவைப் பட்டியல் எழுதும். அதில் ஒரு எண் மாறினாலே ஒரு கம்பெனி உள்ளே, இன்னொண்ணு வெளியே. அந்தப் பட்டியல் எழுதிய அதிகாரி ஓய்வு பெற்று, ஒரு வருஷம் வீட்டில் இருந்துட்டு, போட்டியாளர் ஆபீஸில் உட்காரும்போதும் அதே டெண்டர் ஓடிக்கிட்டேதான் இருக்கும். அவர் கையில் இருக்கும் தகவல் ஒரு வருஷத்தில் காலாவதி ஆகாது. என் கவலை இதுதான்.

அதுக்காக யாரும் போகவே கூடாதுன்னு நான் சொல்லலை. லடாக் குளிரில் பீரங்கி சுட்டுப் பார்த்தவர் அனுபவம் ஹசீராவில் கே9 வஜ்ரா செய்யும் எல்&டி இன்ஜினியருக்கு உதவும். போஃபர்ஸ் பயத்தில் எல்லாரையும் சந்தேகப்பட்டதும் அந்த 30 வருஷத் தாமதத்துக்கு ஒரு காரணம்.

ஆனா ஒண்ணு யோசிங்க. கள்ளக்குறிச்சி பக்கத்து கிராமத்திலிருந்து சிப்பாயா சேர்றவர் நாற்பது வயசுக்குள்ளேயே ஓய்வு பெறுவார். பல பேருக்குக் கிடைக்கிறது ஏடிஎம் வாசலில் செக்யூரிட்டி வேலை. அவர் தேர்ந்த விஷயம் துப்பாக்கியைப் பயன்படுத்துறது. அதுக்கு மார்க்கெட் இல்லை. துப்பாக்கி வாங்கும் ஃபைல் எப்படி நகரும்னு தெரிஞ்சவருக்குத்தான் மார்க்கெட்.

அமெரிக்காவில் இந்த நோய் நம்மை விடப் பெருசு. 2019இல் 14 பெரிய ஆயுத கம்பெனிகளில் முன்னாள் உயரதிகாரிகளும் கொள்முதல் அதிகாரிகளுமா 1,718 பேர் வேலை பார்த்தாங்க. இதை எண்ணி வெளியிட்டது அவங்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு. மூன்று, நான்கு நட்சத்திர ஜெனரல்கள் ஓய்வுக்குப் பிறகு 2 வருஷம் பாதுகாப்புத் துறையிடம் லாபி பண்ணக் கூடாதுன்னு சட்டமும் இருக்கு. வேலைக்குப் போகலாம், பழைய ஆபீஸ் கதவைத் தட்டக் கூடாது.

நாமும் இரண்டு விஷயம் கேட்கலாம். ஒண்ணு, யார் எந்த கம்பெனிக்குப் போனாங்கன்னு வருஷா வருஷம் ஒரு பொதுப் பட்டியல். இரண்டு, தான் தொட்ட ஃபைல் முடியும் வரை அந்த ஃபைல் பக்கம் அவர் வரக் கூடாதுன்னு ஒரு விதி. தடையை காலண்டரை வச்சு அளக்காம, ஃபைலை வச்சு அளக்கணும்.

வழித்தடம் வரட்டும், நம்ம பிள்ளைகளுக்கு வேலையும் வரட்டும். அங்கே செய்யுற துப்பாக்கியைத் தூக்கப் போறது அந்தக் கிராமத்துச் சிப்பாய்தான். அது ஏன் தேர்வாச்சுன்னு அவருக்கு நேர்மையா ஒரு பதில் இருக்கணும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.