ஆட்டம் யாருடையது?

வரலாறு எழுதியோர் நெடுங்காலமாக அரசர்களின் போர்களையும் பட்டமேற்றல்களையும் எழுதிவந்தனர். உழைக்கும் மக்கள் வரலாற்றில் இடம்பெறத் தொடங்கியது அண்மைக் காலத்திலேதான். அவ்வாறு இடம்பெற்றபோதும், அவர்களுடைய வேலையும் கூலியும் போராட்டமும் ஆராயப்பட்ட அளவுக்கு அவர்களுடைய விளையாட்டு ஆராயப்படவில்லை. வேலை முடிந்த மாலைப்பொழுதில் மக்கள் என்ன ஆடினர், ஆடும் இடம் யாருக்குச் சொந்தமாயிருந்தது, ஆட்டத்தால் வந்த பணம் யார் கைக்குப் போயிற்று என்னும் கேள்விகள் அற்பமானவையல்ல. ஒரு சமுதாயத்தின் உடைமை உறவுகள் அதன் ஆலைகளில் வெளிப்படுவதுபோலவே அதன் ஆடுகளங்களிலும் வெளிப்படுகின்றன. பெண்களின் ஆட்டத்தை எடுத்துக்கொண்டால் இவ்வுண்மை மேலும் துலக்கமாகின்றது.

இதனை விளக்குதற்கு நம் நாட்டு வாசகர் பெரும்பாலும் அறியாத ஓர் ஆட்டத்தின் வரலாற்றை ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். ரோலர் டெர்பி என்பது அதன் பெயர். சக்கரக் காலணி பூண்டு ஆடும் இவ்வாட்டம் அமெரிக்காவிலே பிறந்தது. பெயர் புதிதாயினும் ஆட்டத்தின் உட்பொருள் நமக்குப் புதிதன்று. நமது கிளித்தட்டை நினைத்துப் பாருங்கள். மணலிலே கோடு கீறித் தட்டுகளாகப் பிரித்து, ஓரணியினர் கோடுகளில் நின்று மறிக்க, மற்றை அணியினர் அவர்கள் கைக்குத் தப்பித் தட்டுத் தட்டாகக் கடந்து செல்கின்றனர். மறிப்பதும் கடப்பதுமே ஆட்டம். ரோலர் டெர்பியிலும் அதுவே நிகழ்கின்றது. தடம் நீள்வட்டமானது. அணிக்கு ஐவர் இறங்குவர். அவர்களுள் தலைக்கவசத்தில் நட்சத்திரக் குறி அணிந்த ஒருவர் முந்துபவர். ஏனைய நால்வரும் மறிப்பவர். முந்துபவர் மறிப்போர் கூட்டத்தை முதன்முறை ஊடறுத்து வெளியேற வேண்டும். பின்னர் சுற்றிவந்து கடக்கும் ஒவ்வோர் எதிராளிக்கும் ஒரு புள்ளி கிடைக்கும். தோளாலும் இடுப்பாலும் இடித்து மறிக்கலாம். கையாற் பிடித்தலும் முழங்கையால் இடித்தலும் குற்றமாகும். ஒரு சுற்று இரண்டு நிமிடத்துக்கு மேற்படாது. முப்பது நிமிடப் பாதிகள் இரண்டு கொண்டது முழு ஆட்டம்.

இவ்வாட்டம் பிறந்த சூழலை முதலில் நோக்குவோம். 1929இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம் அமெரிக்க உழைப்பாளரை வேலையற்றோராகத் தெருவில் நிறுத்தியது. அவ்வறுமையையே முதலாக்கிப் பணம் பண்ணியோரும் இருந்தனர். நாட்கணக்காக, வாரக்கணக்காக உறக்கமின்றி நடக்கவும் நடனமாடவும் ஏழை இளைஞரையும் பெண்களையும் அரங்கிலே ஏற்றி, அவர்கள் களைத்து வீழ்வதை நுழைவுச்சீட்டு விற்றுக் காட்டும் போட்டிகள் அக்காலத்தில் மலிந்திருந்தன. அத்தகைய போட்டிகளை நடத்தியவர்களுள் ஒருவர் லியோ செல்ட்சர். அவரே 1935 ஆகஸ்ட் 13ஆம் திகதி சிக்காகோ நகரின் கொலிசியம் அரங்கிலே சக்கரக் காலணி ஓட்டப் போட்டியைத் தொடக்கிவைத்தார். ஆணும் பெண்ணுமாக 25 இணைகள் மாறிமாறி ஓடின. ஏறத்தாழ 3,000 மைல், அதாவது அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரையுள்ள தூரத்தை, அரங்கினுள்ளேயே 57,000 சுற்றுகளாக ஓடி முடிக்கவேண்டும் என்பது நிபந்தனை. ஓட்டம் பல வாரங்கள் நீடித்தது.

இதிலே சுரண்டல் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும், அதே அரங்கில் எவரும் எதிர்பாராத மற்றொன்றும் நிகழ்ந்தது. ஆணுக்கு என்ன விதியோ அதே விதியே பெண்ணுக்கும் வகுக்கப்பட்டது. ஆண் ஓடிய சுற்றும் பெண் ஓடிய சுற்றும் ஒரே கணக்கிற் சேர்ந்தன. அக்காலத்து விளையாட்டுலகின் நிலையை அறிந்தோர்க்கு இதன் முக்கியத்துவம் புரியும். 1928இல் அம்ஸ்ரடாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீற்றர் ஓடினர். ஓட்ட முடிவில் அவர்கள் களைத்து வீழ்ந்தனர் என்ற கூச்சல் எழுந்தது. அதனைச் சாட்டாக வைத்து அவ்வோட்டம் பெண்களுக்கு 1960 வரை மறுக்கப்பட்டது. கனவான்கள் நடத்திய ஒலிம்பிக் அரங்கு பெண்ணுக்கு அடைத்த கதவை, சீட்டு விற்ற வியாபாரியின் அரங்கு திறந்துவிட்டது. வியாபாரிக்குச் சமத்துவத்தில் நாட்டமிருந்ததனால் அன்று. பெண்கள் ஓடுவதைக் காண மக்கள், அவர்களுள்ளும் பெண்கள், திரண்டு வந்தனர் என்பதனாலேயே கதவு திறந்தது.

ஆட்டக்காரரின் வாழ்வு கடினமானது. ஊர் ஊராக அவர்கள் பேருந்தில் அலைந்தனர். 1937 மார்ச் 24ஆம் திகதி இலினோய் மாநிலத்துச் சேலம் நகரருகே அப்பேருந்து விபத்துக்குள்ளாகி இருபது பேரளவில் உயிரிழந்தனர். அவர்களின் நினைவாக, முதலாம் இலக்கச் சட்டையை எந்த அணியிலும் எவரும் அணியாதொழிந்தனர். அதே ஆண்டிலேதான் ஆட்டமும் உருமாறியது. ஓட்டத்தினிடையே ஆட்டக்காரர் மோதிக்கொள்வதைக் கண்ட எழுத்தாளர் டேமன் ரன்யன், அம்மோதலையே ஆட்டத்தின் மையமாக்குமாறு யோசனை கூறினார். அன்று முதல் இடியும் வீழ்ச்சியும் விற்பனைச் சரக்காயின. 1948இல் நியூயோர்க்கில் தொலைக்காட்சி இவ்வாட்டத்தை ஒளிபரப்பியபோது, மிட்ஜ் பிரசூன், ஜெரி மரே ஆகிய இரு பெண்களின் போட்டி வீடுதோறும் பேசப்பட்டது.

செல்ட்சருக்குப் பின் அவர் மகன் ஜெரி ஆட்டத்தைப் பொறுப்பேற்றுக் கலிபோர்ணியாவைத் தளமாக்கினார். அக்காலத்துப் புகழ்பெற்ற ஆட்டக்காரிகள் இருவரை நாம் அறிந்துகொள்ளல் வேண்டும். ஒருவர் ஜோனி வெஸ்டன் (1935–1997). நெடிய உடலும் வலிய தோளும் கொண்ட இவர், 'பே பொம்பர்ஸ்' அணியின் தலைவியாய் மக்கள் மனங்கவர்ந்து விளங்கினார். மற்றவர் ஆன் கல்வெல்லோ (1929–2006). 1948இல் ஆடத் தொடங்கிய இவர், தலைமயிருக்கு வண்ணம் தீட்டி, பார்ப்போரின் வசவை வரவேற்று, 'கெட்ட பெண்' வேடத்தையே தம் தொழிலாகக் கொண்டார். ஆயிரக்கணக்கானோர் ஒருவரைப் போற்றவும் மற்றவரைத் தூற்றவும் பணங்கொடுத்து வந்தனர். பெண் என்றால் அடங்கியவள், அல்லது அடங்காதவள் என்னும் பழைய இரு வார்ப்புகளை அரங்கு இங்ஙனம் காசாக்கியது. ஆனால், இருவரும் தளத்திலே காட்டிய வலிமையும் பயிற்சியும் வேடமல்ல. விழுந்தபோது முறிந்த எலும்பும் வேடமல்ல. இத்துணைப் புகழ்பெற்ற கல்வெல்லோ முதுமையில் ஒரு பலசரக்கு அங்காடியிலே, வாங்குவோரின் பொருள்களைப் பைகளில் இட்டுக் கொடுக்கும் வேலை செய்து வாழ்ந்தார் என்பது, ஆட்டத்தின் செல்வம் ஆடியவர் கையிலே தங்கவில்லை என்பதற்குப் போதிய சான்றாகும்.

1972இல் சிக்காகோவில் நடந்த ஓர் ஆட்டத்துக்கு 50,000க்கு மேற்பட்டோர் திரண்டனர். அடுத்த ஆண்டு இறுதியிலே கடையே மூடப்பட்டது. செலவு பெருகியது, எண்ணெய் நெருக்கடி பயணத்தைத் தடுத்தது, உரிமையாளர் கணக்கைப் பார்த்தார், கதவைச் சாத்தினார். ஆட்டக்காரரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர்களால் என்ன செய்திருக்க முடியும்? அக்காலத்து ஆட்டத்துக்கு விளிம்பு உயர்ந்து சரிந்த மரத்தளம் வேண்டும். அதனைக் கட்டவும் கழற்றவும் பாரவண்டியில் ஏற்றிச் செல்லவும் பெருமுதல் வேண்டும். தளம் யாருடையதோ அவருடையதே ஆட்டம். நெசவாளியின் கையிலே திறமை எவ்வளவிருந்தாலும், தறியும் நூலும் முதலாளியுடையவையாயின் அவன் கூலியாளே. மருதமுனைத் தறிகளின் ஓசையை அறிந்த நமக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை.

அதன்பின் இடையிடையே சில வியாபார முயற்சிகள் தோன்றி மறைந்தன. உண்மையான மறுபிறப்பு 2001இல் டெக்சாஸ் மாநிலத்து ஒஸ்டின் நகரிலே நிகழ்ந்தது. பெண்களை அழைத்து ஆட்டத்தை ஒழுங்குசெய்ய முன்வந்த ஓர் ஆடவர் நடுவழியிலே விலகிப் போனார். திரண்ட பெண்கள் கலைந்துவிடவில்லை. தாமே நடத்தத் துணிந்தனர். ஆனால், இங்கும் உடைமைக் கேள்வி எழுந்தது. பெண்கள் சிலர் உரிமையாளராகவும் பெண்கள் பலர் ஆடுவோராகவும் இருந்த அமைப்பை ஆடுவோர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. 2003இல் அவர்கள் பிரிந்து 'டெக்சாஸ் ரோலர்கேர்ள்ஸ்' என்னும் சங்கத்தை அமைத்து, அதனை ஆட்டக்காரரே ஆளும் முறையை வகுத்தனர். உடைமையாளரும் பெண்ணாயிருந்தால் மட்டும் பிரச்சினை தீர்ந்துவிடாது என்பதை அவர்கள் அனுபவத்திற் கண்டனர்.

இதற்கு வழி செய்தது எது? சரிந்த மரத்தளத்தை அவர்கள் கைவிட்டதே. சமதளமான எந்தத் தரையிலும் கயிற்றையும் ஒட்டுநாடாவையும் கொண்டு நீள்வட்டம் வரைந்தால் தடம் ஆயத்தம். களஞ்சிய அறையிலும் வாகனத் தரிப்பிடத்திலும் ஆடலாம். முடிந்ததும் சுருட்டி எடுத்துப் போகலாம். முதலின் பிடி தளர்ந்தது. 2004இல் பல ஊர்ச் சங்கங்கள் கூடி ஒன்றியம் அமைத்தன. மறு ஆண்டு அது மகளிர் சமதள டெர்பி ஒன்றியம் எனப் பெயர் பெற்றது. 'ஆடுவோரால், ஆடுவோருக்காக' என்பதே அதன் முழக்கம். விதி வகுப்போர் ஆடுவோரே. கணக்கு எழுதுவோரும் கதிரை அடுக்குவோரும் அவர்களே. 2011இல் ரொறன்ரோவில் முதல் உலகக் கிண்ணப் போட்டிக்கு 13 நாட்டு அணிகள் வந்தன; 2018இல் மான்செஸ்டருக்கு 38 அணிகள் வந்தன.

இவ்வணிகளில் ஆடுவோர் யார்? தாதியர், ஆசிரியைகள், மாணவிகள், கடைப் பணியாளர், தாய்மார். பகலிலே வேலை, மாலையிலே பயிற்சி. தளத்திலே தாமே சூடிய வேடிக்கையான புனைபெயரால் அழைக்கப்படுகின்றனர். பருத்தவர்க்கும் மெலிந்தவர்க்கும் நெடியவர்க்கும் குறியவர்க்கும் அணியிலே பயனுண்டு. மறிப்பதற்கு ஒரு வகை உடலும் நழுவுவதற்கு வேறு வகை உடலும் வேண்டும். அழகுப் போட்டியின் அளவுகோல் அங்கே செல்லாது.

எகிப்தியப் புரட்சிக்கு அடுத்த ஆண்டாகிய 2012இல் கெய்ரோ நகரிலும் 'கெய்ரோலர்ஸ்' என்னும் அணி தோன்றியது. அங்கே பணிபுரிந்த வெளிநாட்டுப் பெண்கள் தொடக்கிவைத்த அவ்வணியில் எகிப்தியப் பெண்கள் சேர்ந்தனர். முக்காடு அணிந்தோர் அதன்மேலேயே தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு களமிறங்கினர். மார்க்கமும் ஆட்டமும் ஒன்றோடொன்று மோதும் என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவைத்திருந்த இருசாராருக்கும் அப்பெண்கள் செயலால் விடையளித்தனர்.

எனினும், இவ்வியக்கத்தின் குறையையும் மறைத்தலாகாது. பழைய முறையில் ஆட்டக்காரிக்குக் கூலியாவது கிடைத்தது. புதிய முறையில் அவள் சந்தா கட்டி ஆடுகிறாள். சக்கரக் காலணிக்கும் காப்புறைகளுக்கும் தன் பணத்தையே செலவிடுகிறாள். ஆட்டத்தை உடைமையாக்கிக்கொண்டாள், ஆனால், ஆடுவதற்கு வேண்டிய ஓய்வையும் பணத்தையும் சமுதாயம் அவளுக்கு இன்னும் உறுதிசெய்யவில்லை. இதனால் மிக வறியவள் அங்கும் தளத்துக்கு வெளியே நிற்கிறாள்.

இனி நம் கரைக்கு வருவோம். கல்முனைக்குடியில் ரோலர் டெர்பி அணி தோன்றவேண்டும் என்பதற்காக இவ்வளவும் எழுதினோமல்லோம். மகளிர் விளையாட்டு நம் நாட்டுக்குப் புறம்பானதும் அன்று. வலைப்பந்தாட்டத்துக்கு உலகப் பொதுவிதி வகுக்கும் பேச்சு 1960இல் இலங்கையிலேதான் நடந்தது. 1963இல் நடந்த முதல் உலகப் போட்டியில் இலங்கை அணி ஆடியது. யாழ்ப்பாணத்து ஈவினைக் கிராமத்திலிருந்து வந்த தர்ஜினி சிவலிங்கம், போர்க்காலத்தில் வளர்ந்து, 2011இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டியிலே தலைசிறந்த எய்தாளர் எனப் பெயர் பெற்றார். 2018இல் ஆசியக் கிண்ணம் வென்ற அணியிலும் ஆடினார். திறமை நம் பெண்களிடம் இல்லை என்போர் இதற்கு என்ன கூறுவர்?

நமது ஊரின் வழமையோ மேலும் சிந்தனைக்குரியது. இக்கரையில் குடி தாய்வழியாக வருகின்றது. வீடும் வளவும் மகளுக்கே சீதனமாகச் சேர்கின்றன. மணமகன்தான் மனைவி வீடு வந்து வாழ்கிறான். பெண்ணின் பெயரில் உறுதி எழுதத் தயங்காத சமுதாயம் நம்முடையது. ஆனால், அவ்வுடைமை வீட்டு வேலியோடு நின்றுவிடுகின்றது. மாலையிலே சந்தாங்கேணி மைதானத்தில் உதைபந்தாடும் இளைஞரைக் காண்கிறோம்; கடற்கரை மணலிலும் அவர்களையே காண்கிறோம். சிறுவயதில் தம்பியரோடு கிளித்தட்டு மறித்த பெண்பிள்ளை எங்கே? பாடசாலை விளையாட்டுப் போட்டியோடு அவளுடைய ஆட்டம் முடிந்துவிடுகின்றது. பன் பின்னவும் நெசவு நெய்யவும், வளைகுடா நாடுகளுக்குச் சென்று பிறர் வீட்டிலே உழைத்து இங்குள்ள வீட்டைக் கட்டியெழுப்பவும் போதுமான வலிமை அவள் உடலில் உண்டு என்று ஒப்புக்கொள்கிறோம். அதே உடல் மகிழ்ச்சிக்காக ஓடுவதற்கு மட்டும் இடம் இல்லை என்கிறோம்.

ஒஸ்டின் பெண்களின் வரலாறு நமக்குத் தரும் பாடம் எளியது. பெரிய அரங்கும் பெரிய முதலும் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு ஒரு கயிறு போதுமாயிருந்தது. கிளித்தட்டுக்கு அதுவும் வேண்டாம், மணலும் ஒரு குச்சியும் போதும். வேண்டுவன இரண்டே: இடமும் நேரமும். பொது மைதானத்தில் வாரத்தில் சில மாலைகளைப் பெண்களுக்கென ஒதுக்குமாறு மாநகர சபையைக் கேட்பது நியாயமான கோரிக்கை. பாடசாலையை விட்டு விலகிய பெண்களும் தொடர்ந்து ஆடுதற்கு வாய்ப்பாகப் பழைய மாணவியர் சங்கங்கள் விளையாட்டுப் பிரிவுகளை அமைக்கலாம். அவ்வாறு அமையும் அணிகளில் தலைவியைத் தெரிவதும் காசைக் கணக்கு வைப்பதும் நேரத்தைக் குறிப்பதும் ஆடும் பெண்கள் கையிலேயே இருத்தல் வேண்டும். ஆசிரியர்களாகிய நாம் அங்கே அதிகாரிகளாக நில்லாது துணைவர்களாக நின்றால் போதும். ஆட்டத்தை அவர்களுக்குக் கொடுக்கிறோம் என்ற எண்ணமும் நமக்கு வேண்டாம். அது தொடக்கத்திலிருந்தே அவர்களுடையது.