ஈப்போவில் தினமும் காலையில் தும்மலா? பால் மரத்தைக் குறை சொல்வதற்கு முன் இதைப் படியுங்கள்

காலையில் எழுந்ததும் பத்துத் தும்மல். மூக்கில் தண்ணீர், கண்ணில் அரிப்பு. மதியம் ஆனதும் ஒன்றுமே நடக்காதது போல் சரியாகிவிடுகிறது. வீட்டில் கேட்டால், "பால் மரம் பூத்திருக்கு, அதான்" என்கிறார்கள். போனில் வானிலை ஆப்பைத் திறந்தால் மகரந்த அளவு 'மிதம்' என்று காட்டுகிறது.

உங்கள் தும்மலுக்கு உண்மையில் யார் காரணம்? தவறான காரணத்தை நம்பினால் மருந்துக்குச் செய்யும் செலவும் வீண், தும்மலும் நிற்காது.

ஆப் காட்டும் எண்ணை நம்பலாமா?

ஐரோப்பா, ஜப்பான் போன்ற இடங்களில் காற்றில் உள்ள மகரந்தத் துகள்களைக் கருவி வைத்துப் பிடித்து எண்ணுகிறார்கள். ஜப்பானில் வசந்த காலத்தில் சுகி மரத்தின் மகரந்தம் பறக்கும்போது, அது தினசரிச் செய்தியாகவே வரும்.

மலேசியாவில் அப்படி தினமும் எண்ணி அறிவிக்கும் வழக்கம் இல்லை. ஆப்பில் வருவது பெரும்பாலும் வானிலையையும் தாவரப் பரப்பையும் வைத்துக் கணினி போடும் கணக்கு. உங்கள் தாமானில் யாரும் அளந்து சொன்ன எண் அல்ல.

சரி, ஐ.பி.யு. இருக்கிறதே என்று கேட்கலாம். சுற்றுச்சூழல் துறை வெளியிடும் இந்தக் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு நுண்துகள்கள், ஓசோன், கார்பன் மோனாக்சைடு போன்றவற்றைத்தான் அளக்கிறது. மகரந்தம் அதில் சேராது.

பால் மரம் குற்றவாளியா?

பேராக்கிற்கும் ரப்பருக்கும் பழைய உறவு. 1877-ல் கோலகங்சாரில் நடப்பட்ட கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. ஆண்டின் தொடக்க மாதங்களில் பால் மரம் இலையுதிர்க்கும், பிறகு துளிர்விட்டு, சின்னச் சின்ன மஞ்சள் பூ பூக்கும். தோட்டத்தில் வளர்ந்த பாட்டி, தாத்தாவுக்கு அந்த வாசனை நன்றாகத் தெரியும்.

ஆனால் இந்தப் பூக்களின் மகரந்தம் ஒட்டும் தன்மை கொண்டது. சிறு கொசு போன்ற பூச்சிகளும் இலைப்பேன்களும்தான் அதைச் சுமந்து செல்கின்றன. காற்றில் வெகுதூரம் பறக்காததால், ஈப்போ நகரில் இருக்கும் உங்கள் மூக்கை அது தேடி வர வாய்ப்பு குறைவு.

பால் மரத்தால் வரும் பெரிய ஒவ்வாமை வேறு. அது பாலில் உள்ள புரதத்தால் வருவது. ரப்பர் கையுறை போட்டால் தடிப்பு, பலூன் ஊதினால் உதடு வீக்கம் வருகிறதா? அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு வாழைப்பழம், பப்பாளி, அவகாடோ சாப்பிட்டாலும் வாய் அரிக்கும். அறுவை சிகிச்சைக்கோ பல் மருத்துவரிடமோ போகும் முன் இதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

செம்பனை எப்படி?

பல ரப்பர் தோட்டங்கள் இன்று செம்பனையாகிவிட்டன. அதன் மகரந்தம் காற்றிலும் பரவும், சிலருக்கு ஒவ்வாமையும் தரும். சிங்கப்பூரில் காற்றைச் சோதித்தபோதுகூட செம்பனை மகரந்தம் கிடைத்திருக்கிறது. கேமரூனிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு வண்டு 1981-ல் இங்குள்ள தோட்டங்களில் விடப்பட்டது. அதன்பின் மகரந்தச் சேர்க்கை வேலையை முக்கியமாக அதுதான் பார்க்கிறது.

செம்பனை ஆண்டு முழுவதும் பூக்கும். ஆகவே 'சீசன்' என்று நாள் குறிக்க முடியாது. சாலையோரப் புல், அக்கேசியா மரம், மழைக்குப் பின் வரும் பூஞ்சை வித்துகள் ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு.

அப்படியானால் யார்தான் காரணம்?

மலேசியாவில் மூக்கு ஒவ்வாமை உள்ளவர்களைச் சோதித்தால் அடிக்கடி மாட்டுவது வீட்டுத் தூசிப் பூச்சி. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத இந்தப் பூச்சி, நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகளைத் தின்று மெத்தையில் வாழ்கிறது. அதன் கழிவுதான் தும்மலைக் கிளப்புகிறது. ஈப்போவின் புழுக்கமும் ஈரப்பதமும் அதற்குச் சொர்க்கம். தும்மல் காலையில் அதிகம் என்றால், முதல் சந்தேகம் தலையணை மீது விழட்டும்.

என்ன செய்யலாம்?

• தலையணை உறை, படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். மெத்தையை வெயிலில் போட்டால் பூச்சி சாகும், ஆனால் கழிவு அங்கேயே இருக்கும். அதையும் தட்டி, உறிஞ்சி எடுக்க வேண்டும்.

• இரண்டு வாரம் ஒரு குறிப்பு எழுதுங்கள்: தும்மல் எந்த நேரம், எந்த இடம்? வீட்டில் மட்டுமா, தோட்டத்துப் பக்கம் போனாலா? மருத்துவருக்கு ஆப்பைவிட இது அதிகம் உதவும்.

• பிரிட்டான் தூக்கம் வரவைக்கும். சாப்பிட்டுவிட்டு மோட்டார் ஓட்டாதீர்கள். லோராடடின், செட்டிரிசின் போன்றவை அந்த அளவுக்குத் தூக்கம் தராது. ஆனாலும் சிலருக்கு செட்டிரிசினும் அசதி தரலாம்.

• மூக்கடைப்பை உடனே திறக்கும் ஸ்ப்ரேயைச் சில நாட்களுக்கு மேல் போட்டால் அடைப்பு முன்பைவிட மோசமாகும். மருத்துவர் தரும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே வேறு. அது முழுப் பலன் தர ஒன்றிரண்டு வாரம்கூட ஆகலாம். "வேலை செய்யல" என்று இரண்டாம் நாளே நிறுத்தாதீர்கள்.

• உப்பு நீரால் மூக்கைக் கழுவுவதாக இருந்தால் கொதிக்க வைத்து ஆறிய நீர்தான். பைப் தண்ணீர் வேண்டாம்.

• புகைமூட்டம் ஒவ்வாமைப் பொருள் இல்லை, ஆனால் ஏற்கனவே வீங்கிய மூக்கை இன்னும் எரிச்சலாக்கும். ஐ.பி.யு. 100-ஐத் தாண்டினால் ஜன்னலை மூடுங்கள், வெளியில் ஓடுவதைத் தவிருங்கள்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

சளி பொதுவாக பத்து நாளுக்குள் அடங்கும். காய்ச்சல் இல்லாமல், அரிப்போடு வாரக்கணக்கில் தொடர்ந்தால் அரசாங்கக் கிளினிக்கில் கேளுங்கள். எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதைத் தோலில் குத்திப் பார்க்கும் சோதனை 15 முதல் 20 நிமிடத்தில் காட்டும். அதற்குச் சில நாட்கள் முன்பே ஒவ்வாமை மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்கும். எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இரவில் இருமல், மூச்சில் விசில் சத்தம், நெஞ்சு இறுக்கம் இருந்தால் அது ஆஸ்துமாவாக இருக்கலாம். தள்ளிப் போடாதீர்கள். உதடு, நாக்கு வீங்கி மூச்சு வாங்கினால் உடனே 999.

பால் மரத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். இந்த வார இறுதியில் தலையணை உறையிலிருந்து தொடங்குங்கள்.