கணக்கெழுதிய நகரம்: அம்ஸ்டர்டாமில் ஒரு பகல்

கால்வாய்களாற் பெயர்பெற்ற நகரங்கள் ஐரோப்பாவிற் பல உண்டு. வெனிஸ், புரூஜ் எனப் பட்டியல் நீளும். ஆனால், இலங்கைத் தமிழர் ஒருவர் வெறுமனே வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்ப முடியாத கால்வாய் நகரம் ஒன்று உண்டென்றால், அது நெதர்லாந்தின் தலைநகரான அம்ஸ்டர்டாம்தான். எமது முன்னோர் ஒல்லாந்து என்றழைத்த அந்நாட்டின் வணிகக் கம்பனியே 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டது. அந்த ஆட்சியின் இலாப நட்டக் கணக்கைப் பார்த்தவர்கள் இந்நகரத்துக் கால்வாய்க் கரைகளிலே குடியிருந்தார்கள்.

ஐரோப்பியப் பயணமொன்றின் நடுவே இந்நகரில் ஒரு பகற்பொழுதைக் கழிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நேரம் குறைந்த பயணிகள் செய்வதையே நானும் செய்தேன். மத்திய புகையிரத நிலையத்துக்கு முன்னாலுள்ள துறையிற் சுற்றுலாப் படகொன்றில் ஏறிக்கொண்டேன். 1889இல் திறக்கப்பட்ட அந்நிலையம், நீருக்குள் மண் நிரப்பி உருவாக்கிய செயற்கைத் தீவுகளின்மீது, ஆயிரக்கணக்கான மரக்கம்பங்களை அடித்திறக்கிக் கட்டப்பட்டது. நிலம் சேறாகையால் பழைய நகரமே இவ்வாறு மரக்கம்பங்களின்மீதுதான் நிற்கிறது.

அம்ஸ்டல் ஆற்றுக்குக் குறுக்கே 13ஆம் நூற்றாண்டிற் கட்டப்பட்ட அணையே நகருக்குப் பெயரைத் தந்தது. அணையருகே வாழ்ந்தோருக்கு ஐந்தாம் புளோரிஸ் என்னும் பிரபு 1275ஆம் ஆண்டு ஒக்டோபர் 27ஆம் திகதி வழங்கிய சுங்கவரி விலக்குப் பத்திரத்திலேதான் இவ்வூர் முதன்முதலாகப் பதிவு பெறுகிறது. போர் வெற்றியோ புனிதரின் அற்புதமோ அன்றி, ஒரு வரிப் பத்திரமே இந்நகரின் பிறப்புச் சாட்சி.

படகு பெரிய கால்வாய்களுக்குள் நுழைகிறது. 1613இல் தொடங்கிய நகர விரிவாக்கத்தின்போது வெட்டப்பட்ட பிரபுக்கள் கால்வாய், பேரரசர் கால்வாய், இளவரசர் கால்வாய் ஆகிய மூன்றும் பழைய நகரை அரைவட்டமாகச் சூழ்ந்துள்ளன. 2010இல் யூனெஸ்கோ இவ்வலயத்தை உலக மரபுரிமைச் சொத்தாக அறிவித்தது. கரையோர வீடுகள் ஒடுங்கியவை, உயர்ந்தவை. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஓர் உத்திரம் வெளியே நீண்டிருக்கிறது; அதன் முனையில் இரும்புக் கொக்கி. அலங்காரமென்று பலரும் நினைக்கும் அந்தக் கொக்கியில்தான் இந்நகரின் வரலாறு தொங்குகிறது. வணிகர் பலர் கீழ்த்தளங்களில் வாழ்ந்து, மேற்றளத்தைப் பண்டகசாலையாக வைத்திருந்தார்கள். சரக்கு படகில் வாசல்வரை வரும். கொக்கியிற் கப்பி மாட்டிக் கயிற்றால் மேலே இழுப்பார்கள். பொதி சுவரில் மோதாதிருக்கும்பொருட்டுப் பல வீடுகளின் முகப்பைச் சற்றே முன்னோக்கிச் சரித்துக் கட்டினார்கள். படிக்கட்டுகள் மிக ஒடுங்கியவை என்பதால், இன்றும் வீடு மாறுவோர் தளபாடங்களை அவ்வழியே ஏற்றுகிறார்கள்.

ஏற்றப்பட்ட பொதிகளில் எமது நாட்டுக் கறுவாவும் இருந்தது. 1602ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் திகதி தோற்றுவிக்கப்பட்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் தலைமைக் கட்டடம் ஔட ஹோஹ்ஸ்ட்ராட் என்னும் ஒடுங்கிய தெருவில் இன்றும் உள்ளது. படகிலிருந்து இறங்கி நான் தேடிச் சென்ற முதலிடம் அதுவே. இப்போது அது அம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்துக்குரியது. முற்றத்தில் மாணவர்கள் துவிச்சக்கர வண்டிகளைச் சாத்திவிட்டு உரையாடிக்கொண்டிருந்தார்கள். கம்பனியை நடத்திய 17 பணிப்பாளர்களில் 8 பேர் அம்ஸ்டர்டாமைச் சேர்ந்தவர்கள். 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றியது இந்தக் கம்பனியே. இப்படியொரு முற்றத்தில் அமர்ந்தவர்களின் கட்டளைக்கு, கடலுக்கு அப்பால் எமது ஊர்களின் வாழ்வு கட்டுப்பட்டிருந்தது.

அந்தக் கட்டளைகள் கடுமையானவை. இலங்கையில் அனுமதியின்றிக் கறுவாவை வெட்டுவதும் விற்பதும் மரண தண்டனைக்குரிய குற்றங்களாக இருந்தன. இதே நகரிலோ, சந்தையில் விலை வீழாதிருக்க நறுமணப் பொருட்கள் தீயிட்டுக் கொளுத்தப்பட்டன. 1760இல் அத்தகைய எரிப்பொன்றைத் தாம் நேரிற் கண்டதாகப் பிரெஞ்சு இயற்கையியலாளர் வல்மொன் த பொமார் எழுதியுள்ளார். மனிதரும் சரக்குக் கணக்கில் வந்தார்கள். 1659 முதல் 1661 வரை தஞ்சாவூர்ச் சீமையைப் பஞ்சம் வாட்டியபோது, ஆயிரக்கணக்கான தமிழர் சோழமண்டலக் கரையில் அடிமைகளாக விலைக்கு வாங்கப்பட்டு, இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் அனுப்பப்பட்டனர். பஞ்சம் பெற்றோருக்குத் துயரம். கம்பனிக்கு மலிவான கொள்முதல்.

டாம் சதுக்கத்திலுள்ள அரச அரண்மனை முதலில் அரண்மனையாகக் கட்டப்பட்டதன்று. 13,659 மரக்கம்பங்களின்மீது எழுப்பப்பட்டு 1655இல் திறக்கப்பட்ட நகர மண்டபம் அது. நெப்போலியனின் சகோதரர் லூயி 1808இல் அதைத் தமது மாளிகையாக்கினார். அதன் பெருமண்டபத்துப் பளிங்குத் தரையில் உலகின் இரு பாதிகளும் வரைபடங்களாகப் பதிக்கப்பட்டுள்ளன. பின்புற முகப்பிலே, அம்ஸ்டர்டாமைக் குறிக்கும் பெண்ணுருவத்துக்குக் கண்டங்கள் தத்தம் பொருட்களைக் காணிக்கையாக ஏந்தி நிற்கின்றன. ஆசியா மனமுவந்து கொடுத்தது போலச் சிற்பி செதுக்கியிருக்கிறார். மேலே சொன்ன கணக்குகளை அறிந்தவர்களுக்கு அந்தக் கல் வேறு கதை சொல்லும்.

இளவரசர் கால்வாயின் 263ஆம் இலக்க வீட்டு வாசலில் எப்போதும் கூட்டம். ஆன் பிராங்க் என்னும் சிறுமி உட்பட 8 யூதர்கள் 1942 முதல் 1944 ஓகஸ்ட் 4ஆம் திகதி பிடிபடும்வரை அங்கே ஒளிந்திருந்தார்கள். உயிர் தப்பியவர் அவளுடைய தந்தை ஒருவரே. நெதர்லாந்தில் வாழ்ந்த சுமார் 140,000 யூதர்களில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் கொல்லப்பட்டனர். ஒவ்வொருவரின் பெயரும் முகவரியும் மதமும் பிழையின்றி எழுதப்பட்டிருந்த குடிமக்கள் பதிவேடே நாஸிகளுக்கு வழிகாட்டியது. அதனாலேயே எதிர்ப்பியக்கத்தினர் 1943 மார்ச் 27இல் இந்நகரின் பதிவகத்துக்குத் தீவைத்தார்கள். 1983 ஜூலையில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடுகளைத் தேடி வந்தவர்களை மறவாத எம்மவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. நன்றாக எழுதப்பட்ட ஏடு யார் கையிற் சேர்கிறது என்பதே கேள்வி.

ஆயினும் ஏடுகள் சாட்சியும் சொல்கின்றன. யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய பாதிரியார் பிலிப்பஸ் பல்டேயஸ் எழுதிய நூல் 1672இல் இந்நகரில் அச்சாயிற்று. அதிலே தமிழெழுத்துகள் செப்புத்தகட்டிற் செதுக்கி அச்சிடப்பட்டுள்ளன. எமது தேசவழமையை 1707இல் எழுத்தில் தொகுப்பித்ததும் ஒல்லாந்தரே. நாம் பேசிய கந்தோர், போஞ்சி, துட்டு ஆகிய சொற்களும் அவர்கள் விட்டுச்சென்றவைதாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எமது ஏடுகளும் எரிந்துபோயின. எமது மூதாதையரின் காணி, வரி, வழக்கு பற்றிய செய்திகளைக் கம்பனியின் ஆவணங்களிலே தேட வேண்டிய நிலையில் இன்று இருக்கிறோம். ஹேக், கொழும்பு முதலிய இடங்களிலுள்ள அவ்வாவணங்கள் 2003இல் யூனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டன.

இந்நகரம் தனது பழைய கணக்கை இப்போது தானே படிக்கத் தொடங்கியிருக்கிறது. அடிமை வாணிபத்தில் நகராட்சிக்கிருந்த பங்குக்காக மேயர் பெம்க ஹல்செம 2021 ஜூலை 1இல் மன்னிப்புக் கோரினார். 2023இல் அதே நாளில் மன்னர் வில்லெம் அலெக்சாந்தரும் மன்னிப்புக் கேட்டார். 1765இல் கண்டியிற் கொள்ளையிடப்பட்டு இங்குள்ள றைக்ஸ் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்த பீரங்கி உட்பட 6 பொருட்கள் 2023 டிசம்பரில் இலங்கைக்குத் திரும்பின. வாங்கி விற்கப்பட்ட மனிதரைத் திருப்பிக் கொடுக்க எவராலும் இயலாது. ஆனால், எழுதியவனே தன் ஏட்டைத் திறந்து, இது குற்றமென்று உலகறியச் சொல்வது சிறிய செயலன்று. எமது நாட்டில் 1981க்கும் 1983க்கும் அத்தகைய கணக்கு இன்னும் முழுமையாகத் திறக்கப்படவில்லை.

புலம்பெயர்ந்த தமிழர் பலருக்கு அம்ஸ்டர்டாம் சில மணி நேரப் பயணத் தொலைவில் உள்ளது. அங்கு செல்வோர் படகுச் சவாரி முடிந்ததும் ஔட ஹோஹ்ஸ்ட்ராட் வரை நடந்து, அந்த முற்றத்திற் சற்று நிற்க வேண்டும். கூடவே பிள்ளைகள் இருந்தால், வழியிலுள்ள வீடுகளின் உச்சிக் கொக்கியைக் காட்டி, அதன் வழியே எமது கறுவா மேலே சென்ற கதையையும் சொல்லலாம்.