பாம்பன் தீவின் மீன்பிடிப் பருவங்கள்

ராமநாதபுரம் மாவட்டத்தின் கிழக்கு முனையில் உள்ள பாம்பன் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவும் கிடக்கின்றன. மீனவர்கள் முன்னதை வடகடல் என்றும் பின்னதைத் தென்கடல் என்றும் சொல்வார்கள். ஒன்று கொந்தளிக்கும் மாதங்களில் மற்றது பெரும்பாலும் அடங்கியிருக்கும். குறுகிய மணல்நிலம் ஒன்றைத் தாண்டினால் வேறொரு பருவம். இங்கே கடலுக்குப் போக நாள் குறிப்பவர், எந்த மாதம் எந்த மீன் என்று கேட்பதற்கு முன்னால் எந்த மாதம் எந்தக் கடல் இடம் கொடுக்கும் என்று கேட்டாக வேண்டும்.

காற்றும் கடலும்

வைகாசியில் தென்மேற்கிலிருந்து கச்சான் வீசத் தொடங்குகிறது. ஆனி, ஆடியில் அது முழு வேகம் கொள்ளும். புரட்டாசி வரை தென்கடலில் அலை ஓயாது. சிறு வள்ளங்கள் பல நாள் கரையிலேயே கிடக்கும். அதே நாட்களில் தீவு தடுப்பாக நிற்பதால், காற்று அடித்தாலும் வடகடலின் கரையோரம் பெரிய அலை எழுவதில்லை. ஐப்பசியில் வாடை வந்ததும் நிலைமை தலைகீழாகிறது. மார்கழி வரை வடகடல் கலங்கிச் சேறாகக் கிடக்க, தென்கடல் தெளியத் தொடங்கும். பாம்பன் கால்வாயின் நீரோட்டமும் இதே கணக்கில் திரும்பும்: கச்சான் காலத்தில் தெற்கிலிருந்து வடக்கே, வாடைக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே.

இந்த இரண்டு காற்றுக்கும் நடுவில் மாசி, பங்குனி மாதங்களில் இரு கடலும் அமைதியாக இருப்பது வழக்கம். தூண்டில் போட முதல்முறை வருகிறவருக்கு இதைவிட ஏற்ற காலம் இல்லை. ஒரு பக்கம் மீன் படாவிட்டால் மறுநாள் மறுபக்கம் போகலாம்.

கரைவலையும் இந்தக் காற்றுக் கணக்கைப் பின்பற்றியே இடம் மாறுகிறது. தென்கடல் கரையில் ஐப்பசிக்குப் பிறகும், வடகடல் கரையில் சித்திரைக்குப் பிறகும் வலை விரிப்பார்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியில், பருவத்துக்கு வந்து குடிசை போட்டுத் தங்கும் குடும்பங்கள் இத்தொழிலை இன்றும் செய்கின்றன. கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் கடலுக்குள் போகும். அரைவட்டமாக வலையை இறக்கிக்கொண்டே வந்து மறு முனையைத் தொலைவில் கரை சேர்க்கும். பிறகு இரண்டு வரிசை ஆட்கள், கயிற்றை இடுப்போடு அணைத்துப் பின்னோக்கி நடந்து இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரு வரிசையும் ஒன்றையொன்று நெருங்கிவரும். கடைசியில் வலையின் மடி மணலில் ஏறும்போது சூடை, நெத்திலி, காரல், பாறைக்குஞ்சு, ஒன்றிரண்டு திருக்கை என எல்லாம் கலந்து துள்ளும். சொறி எனப்படும் ஜெல்லிமீன் நிறைய ஏறிவிட்டால் அந்த இழுப்பு வீண். பருவம் என்பதைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் தூண்டிலை எடுப்பதற்கு முன் ஒருநாள் இந்த மடியைப் பார்ப்பது நல்லது; கரையோரம் அப்போது எது உலவுகிறது என்பதை எந்த அட்டவணையையும்விட அது சரியாகக் காட்டும். சூடையும் நெத்திலியும் கூட்டமாக நின்றால், அவற்றைத் துரத்தும் பாறையும் கட்டாவும் ஊளியும் பக்கத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

எந்தக் கடலில் என்ன

வடகடல் ஆழம் குறைந்தது. கடற்புல் படர்ந்த சேற்றுத் தரை. இறால், நீலக்கால் நண்டு, கணவாய், காரல், ஓரா ஆகியவை அதன் செல்வம். தென்கடலில் பவளப்பாறைகளும், கரையை விட்டு விலகினால் சட்டென்று கூடும் ஆழமும் உண்டு. பாறைகளை ஒட்டி விளமீன், களவா, செப்பிலி. வெளிக்கடலில் சூரை, சீலா. (சென்னையில் வஞ்சிரம் எனப்படும் மீன்தான் இங்கே சீலா. சென்னைச் சந்தையில் சீலா என்று கேட்டால் ஊளி கிடைக்கும்.) சீலாவுக்கும் சூரைக்கும் விடும் பருவலையில் அமாவாசையை ஒட்டிய இருட்டு நாட்களில்தான் மீன் நன்றாகப் படும், நிலவொளியில் மீன் வலையைக் கண்டு விலகிவிடுகிறது. முகத்துவாரங்களில் மழைக்குப் பின் மடவையும் கொடுவாவும் தேடத் தக்கவை.

பழைய பருவக் கணக்குகளை அப்படியே நம்பக் கூடாது. மேற்குக் கடற்கரையின் மீன் என்றே கருதப்பட்ட பேச்சாளை, 1990களுக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையிலும் பெருமளவில் பிடிபடுகிறது.

தடைகளும் எல்லைகளும்

கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குள் போகக் கூடாது. 2001இல் 45 நாட்களாகத் தொடங்கிய தடை 2017இல் இந்த அளவுக்கு நீட்டிக்கப்பட்டது. மீன்கள் முட்டையிடும் காலத்தைக் காப்பதே நோக்கம். நாட்டுப்படகுக்கும் வள்ளத்துக்கும் இத்தடை இல்லை. விசைப்படகுகளின் இழுவலை ஓய்ந்திருக்கும் அந்த நாட்களில் வடகடலும் தணிந்திருப்பதால், வள்ளத்தில் தூண்டில் போட வருகிறவருக்கு அது பொன்னான காலம். சினை நிறைந்த மீனை மட்டும் திருப்பி விட்டுவிடுவது நியாயம். சட்டம் கேட்காவிட்டாலும் கடலுக்கு அது நாம் செய்ய வேண்டிய கடமை.

தடைக்காலம் தவிர்த்த மாதங்களிலும் வாரக்கணக்கு ஒன்று உண்டு. வடகடலில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுகளுக்கு 4 நாள் என்பது நெடுநாள் ஏற்பாடு. ராமேசுவரத்தில் திங்கள், புதன், சனி விசைப்படகு நாட்கள். இழுவலை வந்து போகும் இடத்தில் நாட்டுப்படகுக்காரர்கள் வலை விரிக்கத் தயங்குவார்கள், வலை அறுந்துபோகும். வெளியூரிலிருந்து வருகிறவர் மற்ற 4 நாட்களுக்குள் பயணத்தை அமைத்துக்கொள்ள வேண்டும்.

தென்கடலில் தூத்துக்குடியிலிருந்து இத்தீவு வரை பரவிய 21 சிறு தீவுகளையும் சூழ்ந்த கடலையும் 1986இல் மன்னார் வளைகுடா கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவும் அதில் சேர்ந்தது. பூங்கா எல்லைக்குள் எந்தப் பருவத்திலும் மீன் பிடிக்கக் கூடாது. கடலட்டை, கடற்குதிரை, ஆவுளியா எனப்படும் கடற்பசு ஆகியவற்றை எங்கேயும் பிடிக்கக் கூடாது. கடற்பசுவுக்கெனப் பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைகளை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் 2022இல் அறிவிக்கப்பட்டது. வடகடலில் இலங்கையுடனான கடல் எல்லையும் அருகிலேயே இருக்கிறது. 1974 உடன்படிக்கை வகுத்த அந்தக் கோடு நீரின் மேல் கண்ணுக்குத் தெரியாது. ஜிபிஎஸ் கருவி இல்லாத படகில் கிழக்கே நெடுந்தூரம் போவது ஆபத்து.

எச்சரிக்கைகள்

ஹைதராபாத்தில் இயங்கும் இன்காய்ஸ் நிறுவனம், செயற்கைக்கோள் காட்டும் கடல்மேற்பரப்பு வெப்பத்தையும் பாசிப் பச்சையத்தையும் கொண்டு மீன் கூடும் இடங்களை அறிவிக்கிறது. அலை, காற்று முன்னறிவிப்பும் அங்கிருந்து வருகிறது. பாம்பன் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு இன்னும் பலர் முதலில் பார்க்கும் அடையாளம். ஐப்பசி முதல் மார்கழி வரை வங்கக்கடலில் தாழ்வுநிலை உருவானாலே பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி, இலங்கைக்குத் தெற்கே உருவாகி மிகக் குறுகிய நேரத்தில் புயலாக வலுத்தது. ஆழ்கடலில் தொழில் செய்துகொண்டிருந்த கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் பலர் கரை திரும்பவில்லை. தென்கடல் தெளிந்து மீன் படத் தொடங்கும் மாதங்களும் புயல் மாதங்களும் ஒன்றாகவே வருவதால், அந்தப் பருவத்தில் ஒவ்வொரு நாளும் புறப்படும் முன் அறிவிப்பைக் கேட்டுவிட்டே நங்கூரம் எடுக்க வேண்டும்.