சீனக் கான்சல் அலுவலகம், சிங்கப்பூர்

சிங்கப்பூரில் சீன அரசின் முதல் கான்சல், வாம்போவா என்று அறியப்பட்ட ஹூ ஆ கே (1877). கப்பல்களுக்கு இறைச்சி, ரொட்டி, காய்கறி வழங்கிய வணிகரான இவர் ரஷ்யாவுக்கும், பின்னர் ஜப்பானுக்கும் கான்சலாக இருந்தார். கவிஞர் ஹுவாங் சுன்சியன் 1891 முதல் 1894 வரை கான்சல் ஜெனரல்.

1949 அக்டோபர் 1இல் பெய்ஜிங்கில் கம்யூனிஸ்ட் அரசு அமைந்தபோது சிங்கப்பூரில் இருந்தது, அதுவரை சீனாவை ஆண்ட கோமிண்டாங் கட்சி அரசின் கான்சல் அலுவலகம். அங்கீகாரம் பற்றிய முடிவு காலனி ஆட்சியின் கையில் இல்லை. லண்டன்தான் தீர்மானிக்க வேண்டும். ஹாங்காங்கையும் சீனாவிலிருந்த பிரிட்டிஷ் முதலீடுகளையும் காக்க விரும்பிய லண்டன் அங்கீகாரத்தின் பக்கம் சாய்ந்தது. மலாயாவிலோ 1948 ஜூன் முதல் அவசரகாலம். காட்டிலிருந்து போரிட்ட மலாயா கம்யூனிஸ்ட் கட்சியில் பெரும்பாலோர் சீனர். பெய்ஜிங்கின் கான்சல்கள் வந்தால் அக்கட்சிக்குத் துணையாவார்கள் என்று அதிகாரிகள் அஞ்சினர். இந்தியா 1949 டிசம்பர் 30இலும் பிரிட்டன் 1950 ஜனவரி 6இலும் புதிய அரசை அங்கீகரித்தன. கோமிண்டாங் கான்சல் அலுவலகம் மூடப்பட்டது. புதிய கான்சல் எவரும் வரவில்லை. மலாயா அதிகாரிகளின் எதிர்ப்பே இதற்குக் காரணம் என்பது பரவலான கருத்து. பெய்ஜிங்கும் பிரிட்டனுடன் முழுத் தூதரக உறவுக்கு அப்போது இணங்கவில்லை என்பதால், தடை எந்தப் பக்கம் கூடுதல் என்று அறுதியிடுவது கடினம்.

கெப்பல் துறைமுகத்தில் கப்பலேற வந்த சீனர் கையில் பழைய குடியரசின் கடப்பிதழ் இருந்தால், அதைப் புதுப்பித்துத் தர ஊரில் சீன அலுவலகம் கிடையாது. பேங்க் ஆஃப் சைனாவின் கிளை மட்டும் தொடர்ந்து இயங்கியது. 1954இல் பேட்டரி சாலையில் அதற்குப் புதிய கட்டடமே எழுந்தது. கான்சல் இல்லாத ஊரில் வங்கி இயங்கியது கவனிக்கத்தக்கது.

1957இன் குடியுரிமைச் சட்டம் சீனாவில் பிறந்த பலருக்குச் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற வழிவகுத்தது. சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் இயூ 1976இல் சீனாவுக்கும், சீனத் தலைவர் டெங் சியாவ்பிங் 1978 நவம்பரில் சிங்கப்பூருக்கும் சென்றனர். 1981இல் இரு தரப்பு வணிகப் பிரதிநிதி அலுவலகங்கள் திறக்கப்பட்டன. இந்தோனேசியா முதலில் சீனாவுடன் உறவைப் புதுப்பிக்கட்டும் என்று சிங்கப்பூர் காத்திருந்தது; 1990 ஆகஸ்ட்டில் அது நடந்தபின், அக்டோபர் 3இல் முழு அரசதந்திர உறவு ஏற்பட்டது. இப்போதைய சீனத் தூதரகம் தங்ளின் சாலையில் உள்ளது.